வியர்வை நரம்பின் தொழில் மாற்றம்

வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பு உடலியல் பாடத்தில் ஒரு விதிவிலக்கு. அது பரிவு நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தது. முதுகெலும்பின் இருபுறமும் வரிசையாக அமைந்த நரம்பு முடிச்சுகளிலிருந்து புறப்படுகிறது. அதே முடிச்சுகளிலிருந்து கிளம்பும் மற்ற நரம்புகளில் மிகப் பெரும்பாலானவை நார்அட்ரினலினைச் சுரக்கின்றன. அவை இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும், இரத்தக் குழாய்களைச் சுருக்கும், மயிரைச் சிலிர்க்க வைக்கும். வியர்வை நரம்போ அசிட்டைல்கோலினைச் சுரக்கிறது. அது வழக்கமாக எதிர்ப்பரிவு நரம்புகளின் நுனியில் வெளிப்படும் வேதிப்பொருள்.

இதை 1934-இல் ஐயமற நிறுவியவர்கள் லண்டன் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் ஹென்றி டேலும் வில்ஹெல்ம் ஃபெல்ட்பர்க்கும். நாஜிகள் பதவியைப் பறித்ததால் ஃபெல்ட்பர்க் முந்தைய ஆண்டுதான் பெர்லினிலிருந்து வெளியேறி வந்திருந்தார். அட்டைப்பூச்சியின் முதுகுத் தசையைக் கொண்டு மிகச் சிறிய அளவு அசிட்டைல்கோலினையும் கண்டுபிடிக்கும் முறையில் அவர் கைதேர்ந்தவர். பூனையின் பாதத்துக்குச் செல்லும் பரிவு நரம்பைத் தூண்டியபோது அங்கிருந்து வடிந்த திரவத்தில் அசிட்டைல்கோலின் இருந்தது. நரம்புகளை அவை எங்கிருந்து வருகின்றன என்பதைக் கொண்டு மட்டும் வகைப்படுத்தினால் போதாது, என்ன சுரக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும் என்று டேல் வலியுறுத்தி வந்தார். வியர்வை நரம்பு அவர் பக்கம் சாட்சி சொன்னது.

இந்த விதிவிலக்கை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தை உட்கொண்டவருக்கு வியர்வை ஆறாகப் பெருகும். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அந்த நஞ்சு முடக்கிவிடுவதே காரணம். அட்ரோபின் ஏற்றும்போது அக்குள் உலர்ந்ததா என்று மருத்துவர் தொட்டுப் பார்ப்பதும் இதனால்தான்.

ஆனால் டேலின் சோதனை ஒரு கேள்வியைத் திறந்தே வைத்திருந்தது. ஒரே முடிச்சில், ஒரே மூலத்திலிருந்து பிறந்த செல்களில் சில மட்டும் ஏன் வேறு பொருளைத் தயாரிக்கின்றன? பிறக்கும்போதே அப்படி விதிக்கப்பட்டவையா, பிறகு அப்படி ஆனவையா? விடை கிடைக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனது. அந்த விடை வியர்வையோடு முடியவில்லை. ஒரு நரம்புச் செல் தன் அடையாளத்தை எவ்வாறு பெறுகிறது என்பதைப் பற்றிய நம் எண்ணத்தையே அது மாற்றியது.

அடையாளம் என்பது நொதிகளே

நரம்புச் செல் எந்தக் கடத்துபொருளைத் தயாரிக்கும் என்பது அதற்குள் எந்த நொதிகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. நார்அட்ரினலின் உருவாகும் பாதையை 1939-இல் ஹெர்மன் பிளாஷ்கோ கணித்துச் சொன்னார். உணவிலிருந்து கிடைக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தை டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி டோபாவாக மாற்றுகிறது. டோபா டிகார்பாக்சிலேஸ் அதை டோபமினாக்குகிறது. டோபமின் பீட்டா ஹைட்ராக்சிலேஸ் அதிலிருந்து நார்அட்ரினலினை உருவாக்குகிறது. அட்ரினல் சுரப்பியின் அகணியில் இன்னொரு நொதியும் உண்டு. அது நார்அட்ரினலினோடு ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்து அட்ரினலினாக்குகிறது.

முதல் படிதான் எல்லாவற்றிலும் மெதுவானது. கால்வாயின் தலைமதகு எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு நீர்தான் கடைமடைக்குப் போகும். டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் அப்படிப்பட்ட தலைமதகு. 1964-இல் தோஷிஹாரு நாகாட்சு, சிட்னி யூடன்ஃபிரண்டு முதலியோர் இந்த நொதியை இனங்கண்டார்கள். இரும்பும் ஆக்சிஜனும் டெட்ராஹைட்ரோபயாப்டெரின் என்ற துணைப்பொருளும் இல்லாமல் அது இயங்காது. கடைசியாகச் சொன்ன துணைப்பொருள் பின்னால் ஒரு புதிரை அவிழ்க்க உதவும்.

அசிட்டைல்கோலினின் பாதை மிகக் குறுகியது. கோலின் அசிட்டைல் டிரான்ஸ்ஃபெரேஸ் என்ற ஒரே நொதி கோலினையும் அசிட்டைல் தொகுதியையும் இணைத்துவிடுகிறது.

எனவே ஒரு செல்லில் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் இருந்தால் அதை நார்அட்ரினலின் செல் என்றும், கோலின் அசிட்டைல் டிரான்ஸ்ஃபெரேஸ் இருந்தால் அசிட்டைல்கோலின் செல் என்றும் அறிவியலாளர்கள் பெயரிடுகிறார்கள். வளரும் கருவில் இந்த நொதிகள் எப்போது தோன்றுகின்றன, எங்கே கூடுகின்றன, எங்கே மறைகின்றன என்று தேடிப்போனால் தானியங்கு நரம்பு மண்டலத்தின் வளர்ச்சி வரலாறு கிடைக்கிறது.

முகட்டிலிருந்து ஒரு பயணம்

கருவின் முதுகுப் பக்கத்தில் நரம்புக் குழாய் மூடிக்கொள்ளும் வேளையில் அதன் விளிம்பிலிருந்து ஒரு கூட்டம் செல்கள் பிரிகின்றன. இவை நரம்பு முகட்டுச் செல்கள். தோலின் நிறமிச் செல்கள், முகத்தின் எலும்புகள், உணர்வு நரம்புகள், தானியங்கு நரம்பு முடிச்சுகள், அட்ரினல் அகணி, குடலின் நரம்பு வலை என்று இவற்றின் வழித்தோன்றல்கள் பலவகை. புறப்படும்போது இவற்றில் நார்அட்ரினலின் நொதிகள் எதுவும் இல்லை.

ஒரு பகுதி செல்கள் உட்புறமாக நகர்ந்து பெருந்தமனியை ஒட்டிக் கூடுகின்றன. அத்தமனியின் சுவர் பிஎம்பி எனப்படும் புரதங்களை வெளியிடுகிறது. அந்தச் சைகை பட்டதும் செல்களுக்குள் மேஷ்1, ஃபாக்ஸ்2பி, ஹேண்ட்2, காட்டா3 முதலிய ஒழுங்குபடுத்தும் புரதங்கள் அடுத்தடுத்து எழுகின்றன. இவை மரபணுக்களை இயக்கி நார்அட்ரினலின் பாதையின் நொதிகளைத் தோற்றுவிக்கின்றன. சுண்டெலிக் குட்டி கருப்பையில் இருக்கும் காலம் ஏறத்தாழ 19, 20 நாட்கள். அதில் 10, 11-ஆம் நாளிலேயே டைரோசின் ஹைட்ராக்சிலேஸும் டோபமின் பீட்டா ஹைட்ராக்சிலேஸும் தென்படத் தொடங்குகின்றன. நரம்பு இழைகள் தம் உறுப்புகளைச் சென்றடையும் முன்பே, கட்டளையிட மூளையிலிருந்து இணைப்பு வருவதற்கும் முன்பே, வேதியியல் ஆயத்தமாகிவிடுகிறது.

இவ்வளவு முன்கூட்டி ஏன்? 1995-இல் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு பால்மிட்டரின் குழு இதற்கு ஒரு விடை தந்தது. டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் மரபணு இல்லாத சுண்டெலிகளையும் டோபமின் பீட்டா ஹைட்ராக்சிலேஸ் மரபணு இல்லாத சுண்டெலிகளையும் அவர்கள் உருவாக்கினார்கள். இரண்டிலும் பெரும்பாலான கருக்கள் பிறக்கும் முன்பே, கருக்காலத்தின் நடுப்பகுதியில், இதயம் தளர்ந்து இறந்தன. தாயெலிக்கு உரிய முன்பொருளைக் கொடுத்தபோது பல குட்டிகள் பிழைத்தன. நார்அட்ரினலின் ஆபத்து வேளைக்கான பொருள் என்று மட்டுமே நினைப்பது தவறு. கருவின் இதயம் தொடர்ந்து இயங்கவே அது வேண்டும்.

குடலில் தோன்றி மறைந்தவை

1978-இல் நியூயார்க்கின் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பிலிப் கோஷார், மெனெக் கோல்ட்ஸ்டீன், அயிரா பிளாக் ஆகியோர் எலிக் கருக்களை நாள்வாரியாக வெட்டிப் பார்த்தார்கள். டைரோசின் ஹைட்ராக்சிலேஸை ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தைச் செலுத்தி, நொதி உள்ள செல்களை மட்டும் ஒளிரச் செய்வது அவர்கள் முறை. பரிவு நரம்பு முடிச்சுகளில் நொதி தோன்றியது எதிர்பார்த்ததுதான். குடலின் சுவரிலும் அது தோன்றியதுதான் வியப்பு. முதிர்ந்த எலியின் குடல் நரம்பு முடிச்சுகளில் நார்அட்ரினலின் தயாரிக்கும் செல்கள் கிடையாது. கருவிலோ 11-ஆம் நாள் வாக்கில் தோன்றிய அந்த நொதி இரண்டு மூன்று நாட்களில் மறைந்துவிட்டது.

நொதி மறைந்தது என்றால் செல்கள் இறந்துவிட்டனவா? பின்வந்த ஆய்வுகள் அப்படியில்லை என்று காட்டின. அந்தச் செல்களின் வழித்தோன்றல்கள் குடலிலேயே தங்கி வேறு வகை நரம்புச் செல்களாகின. அவற்றுள் செரட்டோனினைச் சுரப்பவையும் அடங்கும். ஒரு செல் ஒரு கடத்துபொருளின் நொதிகளை எழுப்பி, பின் அடக்கி, வேறு பொருளுக்கு மாறக்கூடும் என்பதற்கு உயிருள்ள பாலூட்டியின் கருவிலேயே கிடைத்த ஆரம்பச் சான்றுகளில் இது ஒன்று.

இதற்கு முன்பே பாரிஸை அடுத்த நோஜாங்-சுர்-மார்னில் நிக்கோல் லெ துவாரென் பறவைக் கருக்களில் இதே கருத்தை நோக்கி வந்திருந்தார். காடையின் செல் உட்கருவை நுண்ணோக்கியில் கோழியினதிலிருந்து பிரித்தறிய முடியும். எனவே காடையின் நரம்பு முகட்டுத் துண்டைக் கோழிக் கருவில் பதித்து, அதன் செல்கள் எங்கே போகின்றன என்று அவரால் தொடர முடிந்தது. வழக்கமாக அட்ரினல் அகணியாக வேண்டிய பகுதியைக் கழுத்துப் பக்கமாக இடம்மாற்றிப் பதித்தபோது, அச்செல்கள் குடலுக்குப் போய் அசிட்டைல்கோலின் நரம்புகளாயின. எந்த ஊரில் புறப்பட்டோம் என்பதைவிட எந்த வழியில் போனோம், எங்கே தங்கினோம் என்பதே அவற்றின் வேதியியலைத் தீர்மானித்தது.

பிறந்த பின் வளரும் நொதி

நொதி தோன்றுவது ஒரு கட்டம். முதிர்ந்த அளவுக்கு வளர்வது இன்னொரு கட்டம். பாலூட்டிகளில் இரண்டாம் கட்டத்தின் பெரும்பகுதி பிறப்புக்குப் பிறகே நடக்கிறது.

1971-இல் பிளாக், இயன் ஹென்ட்ரி, லெஸ்லி ஐவர்சன் ஆகியோர் கேம்பிரிட்ஜில் சுண்டெலிக் குட்டிகளின் மேற்கழுத்து நரம்பு முடிச்சை ஆராய்ந்தார்கள். பிறந்த முதல் சில வாரங்களில் அங்கே டைரோசின் ஹைட்ராக்சிலேஸின் செயல்திறன் பல மடங்கு உயர்கிறது. தண்டுவடத்திலிருந்து அந்த முடிச்சுக்கு வரும் நரம்பைக் குட்டியின் இளம் பருவத்தில் வெட்டிவிட்டால் அந்த உயர்வு நிகழ்வதில்லை. முடிச்சின் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன, ஆனால் நொதி குழந்தைப் பருவ அளவிலேயே நின்றுவிடுகிறது. மறுபுறமும் இதே கதைதான். முடிச்சின் செல்களை அழித்துவிட்டால், தண்டுவடத்திலிருந்து வரும் நரம்பு முனைகளில் கோலின் அசிட்டைல் டிரான்ஸ்ஃபெரேஸ் உரிய அளவுக்கு வளர்வதில்லை. கட்டளை கொடுப்பதும் பெறுவதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

மூன்றாவதாக ஒரு கை உறுப்பிடமிருந்து நீள்கிறது. ரீட்டா லெவி-மொன்டால்சினி, ஸ்டான்லி கோஹன் இருவருக்கும் 1986-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் புரதம் அது. பரிவு நரம்புகள் சென்றடையும் திசுக்கள் இதைச் சிறு அளவில் தயாரிக்கின்றன. நரம்பின் நுனி அதை உறிஞ்சிச் செல்லின் உடலுக்கு அனுப்புகிறது. அது செல்லைச் சாகாமல் காப்பதோடு நிற்பதில்லை. டைரோசின் ஹைட்ராக்சிலேஸையும் டோபமின் பீட்டா ஹைட்ராக்சிலேஸையும் குறிப்பாக உயர்த்துகிறது என்று ஹான்ஸ் தோனென் 1971-இல் லெவி-மொன்டால்சினி உள்ளிட்டோருடன் சேர்ந்து காட்டினார்.

இந்த நெகிழ்வு குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. வளர்ந்த எலியைப் பல நாட்கள் குளிரில் வைத்தால் பரிவு நரம்புகளுக்கு வேலை கூடுகிறது. டைரோசின் ஹைட்ராக்சிலேஸின் அளவும் அதற்கேற்பக் கூடுகிறது.

கண்ணாடித் தட்டில் ஓர் இதயத்துடிப்பு

அளவு மாறும் என்பது சரி. வகையே மாறுமா? 1970-களில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் துறை இதை நேரடியாகச் சோதித்தது. புதிதாகப் பிறந்த எலியின் மேற்கழுத்து முடிச்சிலிருந்து எடுத்த நரம்புச் செல்களைத் தனியே வளர்த்தால் அவை நார்அட்ரினலினைத் தயாரித்தன. இதயச் செல்களோ வேறு சில துணைச் செல்களோ அருகில் இருந்தால் அசிட்டைல்கோலினைத் தயாரிக்கத் தொடங்கின. பால் பேட்டர்சனும் லிண்டா சன்னும் 1974-இல் இதை வெளியிட்டார்கள். செல்களே வேண்டாம், அச்செல்கள் ஊறிய வளர்ப்புத் திரவத்தை ஊற்றினாலே போதும் என்பதையும் பிறகு கண்டார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். முடிச்சில் ஏற்கெனவே இரண்டு வகைச் செல்கள் இருந்து, ஒரு வகை இறந்து, இன்னொரு வகை மட்டும் பிழைத்திருக்கலாம் அல்லவா? எட்வின் ஃபர்ஷ்பன், டேவிட் பாட்டர் குழு அந்த மறுப்புக்கு இடமில்லாத ஒரு சோதனையை வடிவமைத்தது. மிகச் சிறிய திட்டுகளில் சில இதயத் தசைச் செல்களையும் ஒரே ஒரு நரம்புச் செல்லையும் வளர்த்தார்கள். தசை தானாகவே துடித்துக்கொண்டிருக்கும். நரம்பைத் தூண்டினால் துடிப்பு கூடினால் அது நார்அட்ரினலின், குறைந்தால் அசிட்டைல்கோலின். 1976-இல் வெளியான முடிவில் இரண்டு வகையும் இருந்தன. சில செல்களில் துடிப்பு முதலில் தளர்ந்து, உடனே வேகமெடுத்தது. அந்த ஒற்றைச் செல் இரண்டையும் சேர்த்துச் சுரந்துகொண்டிருந்தது. பின்னர் அதே செல்லை வாரக்கணக்கில் தொடர்ந்து கவனித்தபோது அது ஒரு நிலையிலிருந்து மற்றதற்கு நகர்வதையே நேரடியாகப் பார்த்தார்கள்.

செல்லின் சொந்த இயக்கமும் இதில் பங்கேற்றது. தொடர்ந்து மின்தூண்டல் பெற்ற செல்கள், இதயச் செல்களின் திரவம் ஊற்றப்பட்ட போதும், நார்அட்ரினலினையே பற்றி நின்றன. பேட்டர்சன் குழுவின் இந்த 1977-ஆம் ஆண்டு முடிவு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. உறுப்பிலிருந்து வரும் சொல்லும் மூளையிலிருந்து வரும் சொல்லும் ஒரே செல்லுக்குள் சந்தித்து, எந்த நொதி எழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

அந்தத் திரவத்தில் இருந்த புரதத்தைப் பிரித்தெடுக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 1989-இல் அதன் அமைப்பு தெரிந்தபோது அது முன்பே அறிமுகமான ஒன்றாக இருந்தது. சுண்டெலியின் ஒருவகை இரத்தப் புற்றுநோய்ச் செல்கள் பெருகுவதைத் தடுப்பதாக ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கண்டறியப்பட்ட லிஃப் என்ற காரணிதான் அது. இரத்தச் செல்லுக்கு ஒரு கட்டளை சொல்லும் அதே மூலக்கூறு நரம்புச் செல்லுக்கு வேறொரு கட்டளை சொல்கிறது.

எலியின் பாதத்தில் நடப்பது

தட்டில் நடப்பது உடலிலும் நடக்கிறதா? ஸ்டோரி லாண்டிஸ் எலியின் பாதத்தை எடுத்துக்கொண்டார். எலிக்கு வியர்வைச் சுரப்பிகள் பாதத்தின் மெத்தைப் பகுதியில் மட்டுமே உண்டு. பிறந்த முதல் வாரத்தில் பரிவு நரம்பிழைகள் அங்கே வந்து சேர்கின்றன. அப்போது அவற்றுக்குள் நார்அட்ரினலின் நிறைந்திருக்கிறது. இரண்டாம், மூன்றாம் வாரங்களில் அது மங்கிவிடுகிறது. இரண்டாம் வாரத்தில் கோலின் அசிட்டைல் டிரான்ஸ்ஃபெரேஸ் தலைகாட்டி உயர்கிறது. லாண்டிஸும் டெபோரா கீஃபும் 1983-இல் இதை வெளியிட்டார்கள்.

வந்தவையும் மாறியவையும் ஒரே நரம்புகள்தானா? நார்அட்ரினலின் நரம்புகள் மட்டுமே உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு நஞ்சு உண்டு. பிறந்த குட்டிகளுக்கு அதைக் கொடுத்தபோது, வளர்ந்த எலியின் வியர்வைச் சுரப்பியில் இருக்க வேண்டிய அசிட்டைல்கோலின் நரம்புகள் இல்லாமல் போயின. முதல் வாரத்து நார்அட்ரினலின் நரம்பே பிறகு அசிட்டைல்கோலின் நரம்பாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மாற்றும்படி சொல்வது யார்? ராபர்ட் ஷாட்ஸிங்கரும் லாண்டிஸும் பாதத்துத் தோலை எடுத்து மார்பின் பக்கவாட்டில், மயிருள்ள தோலுக்குப் பதிலாக, ஒட்டினார்கள். அந்த இடத்துக்கு வரும் நரம்புகள் வழக்கமாக வாழ்நாள் முழுதும் நார்அட்ரினலினையே சுரப்பவை. அவை வியர்வைச் சுரப்பியைத் தொட்டதும் தம் நொதிகளை மாற்றிக்கொண்டன. 1988-இல் வெளியான இந்த முடிவுக்கு எதிர்த்திசைச் சோதனையும் துணை நின்றது. பாதத்தில் வியர்வைச் சுரப்பியை அகற்றி அங்கே உமிழ்நீர்ச் சுரப்பி ஒன்றைப் பதித்தபோது, மாற வேண்டிய நரம்புகள் மாறவே இல்லை. ஆக, கட்டளை சுரப்பியிடமிருந்து வருகிறது.

எல்லோரும் அந்தக் கட்டளை லிஃப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். லிஃப் இல்லாத சுண்டெலியிலும் மாற்றம் இயல்பாகவே நடந்தது. அதன் உறவினரான இன்னொரு காரணி இல்லாதபோதும் நடந்தது. ஆனால் இந்தக் குடும்பத்து மூலக்கூறுகள் அனைத்துக்கும் பொதுவான ஏற்பி ஒன்று உண்டு. ஜிபி130 என்ற அந்தப் புரதத்தை நரம்புச் செல்களிலிருந்து மட்டும் நீக்கியபோது வியர்வைச் சுரப்பியின் நரம்புகள் சரியாக மாறவில்லை என்று 2006-இல் தெரியவந்தது. கதவு அகப்பட்டுவிட்டது. கதவைத் தட்டுவது அக்குடும்பத்தில் ஒருவரா, பலர் சேர்ந்தா என்பது அதைவிடக் கடினமான கேள்வி.

நரம்பு சுரப்பிக்குத் திருப்பித் தருவதும் உண்டு. நார்அட்ரினலினையோ டோபமினையோ தயாரிக்க முடியாத சுண்டெலிகளின் வியர்வைச் சுரப்பிகள், தூண்டினாலும் வியர்வையைச் சுரக்கும் திறனைப் பெறவில்லை என்று லாண்டிஸ் குழு 2000-இல் காட்டியது. அப்படியானால் நரம்பு ஆரம்பத்தில் சுரக்கும் நார்அட்ரினலின் வெறும் இடைக்காலத் தவறு அன்று. முதலில் நரம்பு சுரப்பியைப் பக்குவப்படுத்துகிறது. சுரப்பி பிறகு நரம்பைத் தனக்கேற்ற வகையில் மாற்றுகிறது.

முன்பே சொன்ன துணைப்பொருள் இங்கேதான் வருகிறது. வளர்ந்த எலியின் வியர்வை நரம்பில் நார்அட்ரினலின் இல்லை. ஆனால் டைரோசின் ஹைட்ராக்சிலேஸை நிறமேற்றித் தேடினால் அது இருக்கிறது! நொதி இருந்தும் பொருள் இல்லை. 2002-இல் பெத் ஹபெக்கரின் குழு விடை கண்டது. டெட்ராஹைட்ரோபயாப்டெரினைத் தயாரிக்கும் நொதி அந்தச் செல்களில் குறைந்துவிடுகிறது. துணைப்பொருள் இல்லாததால் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் வேலையற்று நிற்கிறது. நொதி இருப்பது வேறு, நொதி இயங்குவது வேறு என்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

அட்ரினலின் எங்கே பிறக்கிறது

இதே பாடத்தை அட்ரினல் சுரப்பியும் கற்பிக்கிறது. அதன் நடுவில் உள்ள அகணி பரிவு நரம்பு முடிச்சுகளின் உறவினம். அதைச் சூழ்ந்த புறணியோ முற்றிலும் வேறு மூலத்திலிருந்து வந்து ஸ்டீராய்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. புறணியிலிருந்து வடியும் இரத்தம் அகணி வழியாகப் போவதால், உடலின் வேறெந்தத் திசுவுக்கும் கிடைக்காத செறிவில் குளுக்கோகார்ட்டிகாய்டுகள் அகணிச் செல்களைக் குளிப்பாட்டுகின்றன. அட்ரினலினை உருவாக்கும் கடைசி நொதி உரிய அளவில் நிலைத்திருக்க இந்த ஹார்மோன்கள் தேவை என்று ரிச்சர்டு வுர்ட்மனும் ஜூலியஸ் ஆக்சல்ராடும் 1960-களில் காட்டினார்கள். ஹார்மோனை உணரும் ஏற்பி இல்லாத சுண்டெலிகளில் அந்த நொதி தோன்றுவதில்லை. ஆனால் அகணிச் செல்கள் தோன்றிவிடுகின்றன. செல்லாக இருப்பதற்கு ஒரு கட்டளை, அட்ரினலின் தயாரிப்பதற்கு வேறொரு கட்டளை.

அகணிச் செல்கள் எங்கிருந்து வருகின்றன என்ற பழைய பாடமும் அண்மையில் திருத்தப்பட்டது. சுண்டெலியில் அவற்றில் பெரும்பாலானவை, நரம்பிழைகளை ஒட்டிப் பயணம் செய்யும் ஷ்வான் செல்களின் முன்னோடிகளிலிருந்து உருவாகின்றன என்று 2017-இல் தெரியவந்தது. அவையும் நரம்பு முகட்டின் பிள்ளைகளே, ஆனால் தாமதமாக வந்து சேர்ந்தவை.

நொதி தவறும்போது

இந்தக் கதையின் ஒவ்வொரு முடிச்சும் மனிதர்களிடம் நோயாகவும் வெளிப்படுகிறது. தூங்கினால் மூச்சுவிட மறக்கும் குழந்தைகள் உண்டு. பிறவி மைய மூச்சுக் குறைநோய் எனப்படும் இதற்குக் காரணம், நார்அட்ரினலின் நொதிகளை எழுப்பும் அதே ஃபாக்ஸ்2பி மரபணுவில் ஏற்படும் மாற்றம் என்று 2003-இல் பாரிஸில் ஜான் அமியெல் குழு கண்டறிந்தது. இக்குழந்தைகளில் சிலருக்குக் குடலின் ஒரு பகுதியில் நரம்புகளே இருப்பதில்லை. சிலருக்குப் பரிவு நரம்பு முன்னோடிகளிலிருந்து எழும் நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டியும் வருகிறது.

குழந்தைகளின் மண்டையோட்டுக்கு வெளியே வரும் திடக் கட்டிகளில் மிகவும் பரவலானது நியூரோபிளாஸ்டோமா. டோபமின், நார்அட்ரினலின் ஆகியவற்றின் கழிவுகளைச் சிறுநீரில் தேடித்தான் அதைக் கண்டுபிடிக்கிறார்கள். டோபமினின் கழிவு விகிதத்தில் மிகுந்திருந்தால் கட்டியின் செல்கள் முதிராத நிலையில் நின்றுவிட்டன என்பதற்கு அது ஓர் அறிகுறி. நொதிப் பாதையின் கடைசிப் படி அவற்றில் முழுமையடையவில்லை.

டோபமின் பீட்டா ஹைட்ராக்சிலேஸ் பிறவியிலேயே இல்லாத சிலரும் இருக்கிறார்கள். அரிதான நிலை அது. எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் சரிந்து தலை சுற்றும். அவர்களுக்கு வியர்வை மட்டும் இயல்பாகவே சுரக்கிறது, ஏனெனில் அந்த நரம்பு அசிட்டைல்கோலினுக்கு மாறிவிட்டது. பால்மிட்டரின் சுண்டெலிக் கருக்களைக் காப்பாற்றிய அதே முன்பொருள், டிராக்சிடோபா என்ற மருந்தாக, இவர்களை நிமிர்ந்து நடக்க வைக்கிறது.

இதயம் செயலிழக்கும் நிலையிலும் பழைய விதிகள் மீண்டும் எழுகின்றன. 2010-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், செயலிழக்கும் இதயம் லிஃப் குடும்பத்துக் காரணிகளை வெளியிடுவதையும், இதயத்தின் பரிவு நரம்புகளில் ஒரு பகுதி நார்அட்ரினலினை விட்டு அசிட்டைல்கோலினுக்கு மாறுவதையும் காட்டினார்கள். ஜிபி130 இல்லாத நரம்புகளைக் கொண்ட சுண்டெலிகளின் நிலைமை மோசமடைந்தது. மிதமிஞ்சிய தூண்டலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள இதயம் எடுக்கும் முயற்சி இது என்று அவர்கள் கருதுகிறார்கள். வியர்வைச் சுரப்பி குட்டிப் பருவத்தில் பேசிய மொழியை நோயுற்ற இதயம் முதுமையிலும் பேசுகிறது.

எதை அளக்கிறோம்?

இன்று ஒற்றைச் செல்லின் மரபணு வெளிப்பாட்டை முழுதாகப் படிக்க முடிகிறது. சுண்டெலியின் பரிவு நரம்புகளில் பல தனித்தனி வகைகள் இருப்பதை அப்படித்தான் கண்டார்கள். கருவின் ஆரம்பத்தில் இவற்றில் இரண்டு பாதைகளின் அடையாளங்களும் கலந்தே கிடக்கின்றன. பின்னர் அவை ஒன்றையொன்று அடக்கிப் பிரிகின்றன. குருத்தணுக்களிலிருந்து மனிதப் பரிவு நரம்புகளை வளர்த்து மருந்துகளைச் சோதிக்கவும் பல ஆய்வகங்கள் முயல்கின்றன.

இந்த முயற்சிகளுக்கு வியர்வை நரம்பு கற்றுத்தந்த பாடம் மிகவும் வேண்டியது. தட்டில் வளர்ந்த ஒரு செல்லில் டைரோசின் ஹைட்ராக்சிலேஸின் நிறம் ஏறியதும் பரிவு நரம்பு கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டுவது எளிது. குடலில் அந்த நிறம் இரண்டு நாள் தோன்றி மறைந்திருக்கிறது. பாதத்தில் அது துணைப்பொருள் இன்றி வெறும் அடையாளமாக நின்றிருக்கிறது. எனவே நொதி இருக்கிறதா என்ற கேள்வியோடு, அது இயங்குகிறதா, எந்த நாளில் அளந்தோம், செல்லுக்கு அருகே எந்த உறுப்பு இருந்தது, மேலிருந்து அதற்குச் சைகை வந்ததா என்ற நான்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நரம்புச் செல்லின் நொதிகளை அதன் மரபணுக்கள் இயலும்படி செய்கின்றன. அவற்றில் எவை நிலைக்கும் என்பதை அது சென்று சேர்ந்த உறுப்பும், அதற்குக் கிடைத்த வேலையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இதை மறந்துவிட்டு நரம்பை மட்டும் தனியே எடுத்துச் சோதிக்கும் எந்த மருந்தாய்வும் பாதி உண்மையையே கண்டறியும்.